புத்தகம் கடைசியில் அச்சாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதிலிருந்து பாடத்திட்ட மாற்றம் பற்றிய பேச்சு ஓயவில்லை. செயற்கை நுண்ணறிவைச் சேர்க்க வேண்டும், நிதி அறிவைச் சேர்க்க வேண்டும், காலநிலை மாற்றத்தைச் சேர்க்க வேண்டும் என்று ஆளுக்கு ஒரு பட்டியல் தருகிறார்கள். எதை நீக்குவது, எந்த வரிசையில் மாற்றுவது என்று கேட்பவர்கள் குறைவு. மேல்நிலை வகுப்புகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பாடம் நடத்துகிறவர்கள் சேர்ந்து எழுதும் கடிதம் இது. கொஞ்சம் நீளும், பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். புத்தகத்தை முதலில் எழுதிவிட்டு வினாத்தாளைக் கடைசியில் யோசிக்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

கடந்த மாற்றத்தையே எடுத்துக்கொள்வோம். 2018-19ல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய புத்தகம் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு அடுத்த ஆண்டு வந்தது. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதப்போவது 2027-28 கல்வியாண்டில்தான். அந்தப் பாடத்திட்டத்தை முதல் வகுப்பிலிருந்து முழுசாகப் படித்து முடித்த ஒரு பிள்ளைகூட இன்னும் வெளியே வரவில்லை. நடுவில் கொரோனா வேறு. அடுத்த மாற்றத்துக்கு முன்னால், போன தடவை எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்க ஒரு வழியாவது வைத்துக்கொள்ள வேண்டாமா?

பழைய பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படித்துவிட்டு, 2018 ஜூனில் புதிய பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்த பிள்ளைகள் பட்ட பாடு மேல்நிலை ஆசிரியர்களுக்குத் தெரியும். நான்கு வகுப்புகளில் ஒரே நேரத்தில் தொடங்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை மூட இணைப்புப் பாடம் தேவை. ஜூன் மாதத்தில் பாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பிரிவேளை அதற்கென்றே ஒதுக்க வேண்டும். பள்ளி தொடங்கிய பிறகு சுற்றறிக்கையில் சொன்னால் நடக்காது. ஆண்டுத் திட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு பள்ளம் வகுப்புகளுக்கு இடையில் இல்லை, பாடங்களுக்கு இடையில் இருக்கிறது. பிளஸ் 1 இயற்பியலில் இரண்டாவது அலகு இயக்கவியல். வெக்டரும் வகைநுண்கணிதமும் இல்லாமல் அதை நடத்த முடியாது. அது ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வந்துவிடும். அதே மாணவரின் கணிதப் புத்தகத்தில் வெக்டர் இயற்கணிதம் எட்டாவது அத்தியாயம், வகைநுண்கணிதம் அதற்கும் பின்னால், இரண்டுமே இரண்டாம் தொகுதியில். புத்தக வரிசைப்படி நடத்தினால் காலாண்டுத் தேர்வு முடிந்துதான் கணித வகுப்பில் அதைத் தொடுவார்கள். ஆகவே இயற்பியல் ஆசிரியர் எட்டுப் பத்துப் பிரிவேளை கணக்கு நடத்துகிறார், அவசர அவசரமாக. உயிரியல் பிரிவில் தாவரவியல், விலங்கியல் எடுத்துக் கணிதமே இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு அந்த எட்டுப் பிரிவேளைதான் வாழ்நாளில் கிடைக்கும் நுண்கணிதம். இரண்டு புத்தகமும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல புத்தகங்கள்தான். இரண்டு குழுவும் தத்தம் அறையில் உட்கார்ந்து எழுதியதன் விளைவு இது.

இனி நேரக் கணக்கு. ஜூனில் பள்ளி திறக்கிறது. டிசம்பர் அரையாண்டுக்குள் போர்ஷனை முடித்தாக வேண்டும். ஜனவரியில் திருப்புதல், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. காலாண்டுத் தேர்வு, அதன் விடுமுறை, பண்டிகைகள், மழை விடுமுறை எல்லாம் கழித்தால் பாடம் நடத்தக் கையில் நிற்பது 20 அல்லது 22 வாரம். வாரத்துக்கு ஏழு பிரிவேளை என்று வைத்துக்கொண்டால், அதில் இரண்டு ஆய்வகத்துக்குப் போக, மிஞ்சுவது ஐந்து. ஆக ஆண்டுக்கு 100 முதல் 110 பிரிவேளை. பிளஸ் 2 இயற்பியலில் 11 அலகு. ஓர் அலகுக்கு ஒன்பது பத்துப் பிரிவேளை கிடைக்கும். கணக்கு போட்டுக் காட்டுவது, அலகுத் தேர்வு வைப்பது, மெல்லக் கற்போருக்குத் திரும்பச் சொல்வது எல்லாம் அதற்குள்தான்.

இந்தக் கணக்கில் புதிதாக எதைச் சேர்த்தாலும் ஏற்கெனவே இருக்கும் ஒன்றிலிருந்துதான் நேரம் போகும். நானோ அறிவியல், ரோபோ எல்லாம் பிளஸ் 2 இயற்பியலில் ஏற்கெனவே இருக்கின்றன, 11-வது அலகாக. ஆண்டின் கடைசி வாரத்தில் வருவதால் அது பாடமாக நடப்பதில்லை, வாசித்து முடிக்கப்படுகிறது. மாறும் உலகத்துக்கென்று எழுதிய பக்கங்களைக் கடைசியில் வைத்தால் கதி இதுதான். எனவே ஒரு விதி வேண்டும்: புதிய பகுதி ஒன்றை முன்மொழிகிறவர் அதற்கு எத்தனை பிரிவேளை, எந்தப் பழைய பகுதியை எடுத்து அந்த நேரத்தைத் தருகிறார் என்பதையும் சேர்த்தே எழுதித் தர வேண்டும். எதை எடுப்பது என்று எழுத முடியாதவரின் முன்மொழிவைப் பரிசீலிக்கவே வேண்டாம்.

வினாத்தாள் ஏன் முதலில் என்பதற்கு வருவோம். பிளஸ் 2 அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். ஒரு மார்க் 15, இரண்டு மார்க் ஒன்பதில் ஆறு, மூன்று மார்க் ஒன்பதில் ஆறு, ஐந்து மார்க் ஐந்து, அவற்றில் ஒவ்வொன்றுக்கும் 'அல்லது' உண்டு. இரண்டு மார்க்கிலும் மூன்று மார்க்கிலும் தலா ஒரே ஒரு வினா கட்டாயம். மதிப்பெண்ணை 1200-லிருந்து 600 ஆக்கியதும், ப்ளூபிரிண்ட்டை (எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க் வினா வரும் என்ற முன்திட்டத்தை) நீக்கியதும் மனப்பாடத்தைக் குறைக்கத்தான். ஆனால் மேலே உள்ள அமைப்பை உற்றுப் பாருங்கள். புதுவிதமாக, யோசித்து எழுத வேண்டிய வினா ஒன்றை மூன்று மார்க் பகுதியில் வைத்தால் மாணவர் அதைத் தொடாமல் மற்ற எட்டில் ஆறை எழுதிவிட்டுப் போகலாம். ஐந்து மார்க்கில் வைத்தால் 'அல்லது' இருக்கிறது. தப்ப முடியாத இடம் இரண்டு கட்டாய வினாக்கள் மட்டும்தான், மொத்தம் ஐந்து மதிப்பெண். 70-ல் ஐந்துக்காக எந்த ஆசிரியரும் தன் ஆண்டை மாற்றி அமைக்க மாட்டார். அமைக்கச் சொல்வது நியாயமும் இல்லை.

ஒரே ஒரு சோதனையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறோம். மீட்டர் சமனச்சுற்றைக் கொண்டு கம்பிச்சுருளின் மின்தடை எண்ணைக் காண்பது பிளஸ் 2 செய்முறையில் இருக்கிறது. சுருளை ஓர் இடைவெளியிலும், தெரிந்த மின்தடையை இன்னோர் இடைவெளியிலும் வைத்து, ஒரு மீட்டர் கம்பியின் மேல் ஜாக்கி என்ற தொடுமுனையைத் தொட்டுத் தொட்டு, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் சுழி காட்டும் இடத்தை, அதாவது சமநிலை நீளத்தை, கண்டுபிடிக்க வேண்டும். (தொட வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்து இழுத்துத்தான் பல ஆய்வகங்களில் கம்பி நடுவில் தேய்ந்து, சமநிலை நீளமே தப்பாக வருகிறது.) பிறகு இடைவெளிகளை மாற்றி வைத்து மறுபடி எடுத்துச் சராசரி காண வேண்டும், முனைகளில் உள்ள மின்தடையால் வரும் பிழை அப்போது பெரும்பாலும் கழிந்துவிடும். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்து சூத்திரத்தில் போட வேண்டும்.

நடப்பது வேறு. சுருள் மேங்கனின் என்ற உலோகக் கலவை என்று தெரிந்தால் விடை 48 × 10⁻⁸ ஓம் மீட்டரை ஒட்டி வர வேண்டும் என்பதும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்பிவிடலாம். ரெக்கார்டு நோட்டு அழகாக இருக்கும். வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் விடையைத்தான் பார்க்கிறார், ஏனென்றால் மதிப்பெண் பகிர்வு அவரை அப்படித்தான் பார்க்கச் சொல்கிறது.

இதே சோதனையில், ஒரு ரூபாய் செலவில்லாமல், வேறொரு கேள்வி கேட்கலாம். கம்பியின் விட்டம் 0.40 மி.மீ.; திருகு அளவியின் மீச்சிற்றளவு (அதனால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு) 0.01 மி.மீ. ஆகவே விட்டத்தில் பிழை 2.5 சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பில் ஆரம் இருமடியாக வருவதால் அது 5 சதவீதம் ஆகிறது. சமநிலை 50 செ.மீ.யில் கிடைத்து, நீளத்தில் ஒரு மி.மீ. தவறினால் வரும் பிழை 0.4 சதவீதம்தான். மாணவர் நான்கைந்து முறை சமநிலை நீளத்தை எடுக்கிறார், விட்டத்தை அரைகுறையாக எடுக்கிறார். உழைப்பு தப்பான இடத்தில் போகிறது. "ஒரே ஓர் அளவை மட்டும் திரும்ப எடுக்கலாம் என்றால் எதை எடுப்பீர்கள், ஏன்?" என்று கேட்டால், சோதனையைச் செய்தவர் யார், நோட்டை நிரப்பியவர் யார் என்று தெரிந்துவிடும். இதற்குத் தேவையான பாடம் புதிதல்ல. பிளஸ் 1 முதல் அலகிலேயே அளவீட்டுப் பிழை இருக்கிறது.

அடுத்த ஆண்டே கைடுகளில் "விட்டத்தை எடுப்பேன், ஏனெனில் இருமடி" என்று அச்சாகிவிடும் என்பதும் உண்மை. அதற்கும் வழி உண்டு. விட்டம் 1.20 மி.மீ., சமநிலை 5 செ.மீ.யில் என்று எண்களை மாற்றிக் கொடுங்கள். பரப்பில் பிழை சுமார் 1.7 சதவீதம், நீளத்தால் வரும் பிழை சுமார் 2.1 சதவீதம். விடை தலைகீழாகிறது. தெரிந்த மின்தடையை மாற்றிச் சமநிலையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் இங்கே சரியான யோசனை. எண்ணை மாற்றினால் விடை மாறுகிற வினாவைக் கைடு போட்டுச் சமாளிக்க முடியாது. இந்த மாதிரி வினாக்களை எழுதப் பழகுவதுதான் பாடத்திட்ட மாற்றத்தில் கஷ்டமான வேலை. புத்தகத்தில் வண்ணப்படம் போடுவது சுலபம்.

இப்படிப்பட்ட வினாக்கள் பொதுத்தேர்வில் வராததற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணம் அல்ல. காரணம் விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று ஓடுகிற இடத்தில், கீயில் (விடைக்குறிப்பில்) இல்லாத விடைக்கு மதிப்பெண் போடத் திருத்துபவர் தயங்குவார். போட்டாலும் போடாவிட்டாலும், நகல் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் போனால் விளக்கம் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே இத்தகைய வினாவுக்குக் கீ வேறு மாதிரி எழுதப்பட வேண்டும். மேலே சொன்ன வினா மூன்று மார்க் என்றால்: இரண்டு பிழைகளையும் கணக்கிட்டதற்கு ஒன்று, எது பெரியது என்று சொன்னதற்கு ஒன்று, குறைக்கும் வழிக்கு ஒன்று. முதல் படியில் கணக்கு தவறி, அந்தத் தவறான எண்ணை வைத்து மற்ற இரண்டையும் பொருத்தமாக எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண் உண்டு என்று கீயிலேயே சொல்ல வேண்டும். ஏற்கத்தக்க பிற விடைகள் நாலைந்தையும் பட்டியலிட வேண்டும். முகாம் தொடங்கும் அன்று நூறு விடைத்தாளை எல்லோரும் சேர்ந்து திருத்திப் பார்த்துவிட்டு, வித்தியாசங்களைப் பேசித் தீர்த்து, கீயைத் திருத்திய பிறகே மற்ற கட்டுகளைப் பிரிக்க வேண்டும். அரை நாள் போகும். போகட்டும்.

எவ்வளவு மாற்றுவது? முதல் ஆண்டு 70-ல் 12 மதிப்பெண் போதும், அதுவும் கட்டாய இடங்களில். கட்டாய வினாக்களை ஒன்றிலிருந்து இரண்டாக்கினால் பத்து வந்துவிடும். ஒரு மார்க்கில் புத்தகத்தின் பின்பக்க வினா அல்லாத இரண்டை வைத்தால் 12. அடுத்த ஆண்டு 18, அதற்கடுத்து 25. ஒரேயடியாக 25 வைத்தால் "வினாத்தாள் கடினம்" என்று தலைப்புச் செய்தி வரும், கருணை மதிப்பெண் கோரிக்கை வரும், மறு ஆண்டு எல்லாம் பழையபடி ஆகும். மாதிரி வினாத்தாள் மூன்று, கீயோடு, பாடம் தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே வெளியாக வேண்டும். அதைப் பார்த்து ஆசிரியர் பாடத்தை மாற்றிக்கொள்வார். பயிற்சி முகாமில் மூன்று நாள் உட்கார வைப்பதைவிட அது வேலை செய்யும்.

பிளஸ் 1 பொதுத்தேர்வு ரத்து பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதுதான். ஆனால் 2017-18ல் அந்தத் தேர்வைக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் இருந்தது: பல பள்ளிகளில் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருட்டிக்கொண்டிருந்தார்கள். நுழைவுத் தேர்வுகளிலும், பொறியியல் முதல் பருவத்திலும் அந்தப் பிள்ளைகள்தான் திணறினார்கள். பூட்டை எடுத்தால் கதவு திறக்கும். வேறு பூட்டு போடுவது கடினமல்ல. பிளஸ் 2 கட்டாய வினாக்களில் ஒன்று பிளஸ் 1 அடிப்படை இல்லாமல் விடை எழுத முடியாததாக இருக்கட்டும். மேலே சொன்ன பிழைக் கணக்கு அப்படிப்பட்டதுதான். பிளஸ் 1 செய்முறைத் தேர்வைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வந்து நடத்தட்டும்.

கணினிப் பாடத்தில் இன்னொரு விதமான தவறு நடந்தது. பிளஸ் 2 கணினி அறிவியலின் முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ் என்ற ஒரு மென்பொருளைச் சுற்றி எழுதப்பட்டது. எந்த மெனுவில் எந்தக் கட்டளை என்பதுவரை பாடம். அந்த மென்பொருளை ஆரக்கிள் 2011-ல் நிறுத்திவிட்டது. நம் பிள்ளைகள் 2018-19 வரை அதைப் படித்துத் தேர்வெழுதினார்கள். 2019-ல் பைத்தான் வந்தது. பெரிய முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் அதிலும் பைத்தானிலிருந்து சி++ நிரலை ஓடவிடுவதற்கென்று 14-வது பாடம் இருக்கிறது. சி++ நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றித் தரும் மின்ஜிடபிள்யூ மென்பொருளை நிறுவி, அதன் பாதையைக் கணினிக்குச் சொல்லிவைக்காவிட்டால் முதல் வரியிலேயே நின்றுவிடும். கோப்புறையின் பெயரில் இடைவெளி இருந்தாலும் தகராறு. பிரிவேளை அதிலேயே கரைந்துவிடும். செயற்கை நுண்ணறிவைப் பாடமாக வைக்கப் போகிறவர்கள் இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும். இன்றைய ஒரு செயலியின் திரையைப் படமாக அச்சிட்டு, பொத்தான்களுக்குப் பெயர் எழுதச் சொன்னால் அது இன்னொரு ஸ்டார் ஆபீஸ். தரவு எங்கிருந்து வந்தது, அதில் யார் விடுபட்டார்கள், இயந்திரம் சொன்ன விடையை வேறு வழியில் சரிபார்ப்பது எப்படி என்பவை பத்து ஆண்டானாலும் பழசாகாது. புள்ளியியலில் நாலு பிரிவேளை கூட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஒப்படைவுக்கும் செயல்திட்டத்துக்கும் அகமதிப்பீட்டில் மதிப்பெண் தருகிறோம். அவற்றை இப்போது கைப்பேசியே எழுதித் தந்துவிடும். தடுக்க முடியாது. எழுதியதைப் பற்றி ஒவ்வொருவரிடமும் ஐந்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். 40 பேருக்கு 200 நிமிடம், ஐந்து பிரிவேளை. அந்த ஐந்தும் கால அட்டவணையில் இருந்தால் நடக்கும். இல்லாவிட்டால் எல்லோருக்கும் முழு மதிப்பெண் விழும்.

கல்லூரிக் கதையும் வேறல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தில் ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிமுறை) நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது: 2013, 2017, 2021, 2025. 2020-ல் சேர்ந்தவர் 2017-ன் பாடத்தைப் படித்து 2024-ல் வெளியே வந்தார். அந்தப் பாடத்துக்கு அப்போது ஏழு வயது. 2021-ல் ஒரு நல்ல மாற்றம் செய்தார்கள். எழுத்துப் பாடங்களுக்கு அகமதிப்பீடு 20-லிருந்து 40 ஆனது. ஆனால் வினாத்தாள் அப்படியே நின்றது: இரண்டு மார்க் பத்து, 13 மார்க் ஐந்து, 15 மார்க் ஒன்று. ஐந்து அலகுக்கும் சம பங்கு. அதற்கு ஏற்றபடி 'டூ மார்க்ஸ்' தொகுப்பு தேர்வுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

எல்லாப் பாடத்தையும் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கலைத்துப் போடுவதற்குப் பதில், வேகமாக மாறும் பாடங்களில் மட்டும் ஐந்தாவது அலகை ஆண்டுதோறும் பாடத்திட்டக் குழு புதிதாக அறிவிக்கலாம். திரவ ஓட்டத்துக்கான பெர்னூலி சமன்பாடு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறுவதில்லை. ஆகவே திரவ இயக்கவியலை மாற்றாமல் அப்படியே விட்டுவிடலாம். கணினி வலையமைப்பு, மின்கலம், தரவு அறிவியல் போன்றவற்றுக்கு இது பொருந்தும். நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள் ஒரே வினாத்தாளை எழுதுவதால், புதிய அலகை ஒரு பருவம் முன்னதாகவே அறிவிக்க வேண்டும். கூடவே மாதிரி வினா பத்து, ஆய்வகப் பயிற்சித் தாள் ஒன்று, தமிழ்வழி மாணவருக்கான கலைச்சொற்கள் ஒரு பக்கம். இவை இல்லாமல் அலகை மட்டும் அறிவித்தால், வினாத்தாள் தயாரிப்பவர் பழைய பதிப்பைப் புரட்டித்தான் வினா எடுப்பார்.

தமிழ்நாடு பாடநூல் கழகம் ஜூனில் புத்தகத்தைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமானால், அச்சுக்குப் பல மாதம் முன்பே பிரதி தயாராக இருக்க வேண்டும். அந்த நெருக்கடியில்தான் மற்ற எல்லாம் பின்னால் தள்ளப்படுகிறது. இந்த முறை அச்சு ஓராண்டு தள்ளிப் போனாலும் பாதகமில்லை. முதலில் மாதிரி வினாத்தாளும் கீயும், அடுத்து செய்முறை மதிப்பெண் பகிர்வு, பிறகு பிரிவேளைக் கணக்கு, ஒரு பருவம் சில பள்ளிகளில் நகலெடுத்த தாள்களை வைத்து நடத்திப் பார்ப்பது, அதற்கப்புறம் புத்தகம். பிளஸ் 1 இயற்பியல், கணிதக் குழுக்களை மட்டுமாவது ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார வைத்து, எந்த வாரம் யார் எதை நடத்துவது என்று ஒரு தாளில் எழுதச் சொல்லலாம். அதற்குப் புதிய கொள்கைகூடத் தேவையில்லை. இந்த ஜூனுக்குள்ளேயே முடியும்.

இப்படிக்கு,
மேல்நிலை, பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் சிலர்,
விருதுநகர் மாவட்டம்.